புதுசாக்கினால் ஆள் காணாமல் போவார்

இறந்துபோன ஒருவரின் பழைய பி.எம்.எக்ஸ் சைக்கிளைப் புதுப்பித்து, "இன்னாரின் நினைவாக" என்று ஸ்டிக்கர் ஒட்டி, மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி வைக்கும் பழக்கத்தைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வேலை சுத்தமாகத்தான் இருக்கிறது. குரோம் பளபளக்கிறது, ஸ்டிக்கர் கோணாமல் உட்கார்ந்திருக்கிறது, பிடிகூட அந்தக் காலத்து நிறத்திலேயே தேடிப் பிடித்தது. ஆனால் அந்த வண்டியில் தெரிவது 1987ஆம் ஆண்டு விளம்பரப் பக்கம்தான். ஓட்டிய ஆள் எங்கே? கம்பெனிக்குச் செய்த மரியாதையை மனிதருக்குச் செய்ததாக நாம் எடுத்துக்கொள்கிறோம் என்றுதான் எனக்குப் படுகிறது.

பேர்போன ஓட்டிகளுக்கு இப்படிச் செய்வதில் தப்பில்லை. பாப் ஹாரோவின் 1982 ஃப்ரீஸ்டைலர் ஃபிரேமை டார்க்கர் கம்பெனி செய்து கொடுத்தது. அதை அப்படியே மறுபடி கட்டினால் அது வரலாற்றுப் பிரதி. எடி ஃபியோலா என்றால் ஜிடி பெர்ஃபார்மர் வரிசை எல்லாருக்கும் நினைவு வரும். டேவ் மிர்ரா 2016 பிப்ரவரி 4ஆம் தேதி தம் 41ஆவது வயதில் போய்ச் சேர்ந்தார். எக்ஸ் கேம்ஸ் என்னும் சாகச விளையாட்டுப் போட்டியில் 24 பதக்கங்கள், அதில் 14 தங்கம்; 2000இல் போட்டியிலேயே இரட்டைப் பின்பல்டி அடித்தவர். அவர் ஓட்டிய ஹாரோ கம்பெனிச் சைக்கிளைக் கட்ட நினைப்பவருக்குப் படமும் காணொளியும் கொட்டிக் கிடக்கின்றன. ஹேண்டில் எவ்வளவு சாய்ந்திருந்தது, சக்கர அச்சு முனையில் கால் வைக்க மாட்டும் குட்டைக் குழாயான பெக் எந்தப் பக்கம் இருந்தது என்று நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். மலேசியாவில் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டமொன்றில், லயத்துக்குப் பின்னால் இருக்கும் பூப்பந்துத் திடலில் ஓட்டியவருக்கு அதெல்லாம் ஏது? கல்யாண ஆல்பத்தில் ஓரமாக நிற்கும் ஒரு படம் கிடைத்தாலே அதிர்ஷ்டம். அவரைப் பற்றி மிச்சமிருக்கும் ஒரே சாட்சி அந்தச் சைக்கிள். நாம் செய்யும் முதல் காரியமோ அந்தச் சாட்சியை மணல் அடித்துத் துடைப்பது.

வீட்டார் இதைத் தெளிவாகவே சொல்வார்கள். தமக்கையோ அண்ணியோ வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, "அண்ணே, தம்பி ஓட்டுன மாதிரி இருந்தா போதும்ணே, கடையில வாங்குன மாதிரி வேணாம்" என்பார்கள். நாம்தான் "பாருங்கக்கா, புதுசாவே ஆக்கிக் கொடுத்துடுறேன்" என்று நல்ல மனசோடு அவர்கள் கேட்காததைச் செய்து கொடுக்கிறோம்.

கழுவுவதற்கு முன்

தோட்டத்தில் வளர்ந்தவர்கள் ஃப்ரீஸ்டைலில் பெரும்பாலும் ஃபிளாட்லேண்ட் பக்கம் போனதற்குக் காரணம் எளிது. சாய்தளம் கட்டப் பலகையும் இல்லை, பணமும் இல்லை. வழவழப்பான சிமெண்டுத் தரைக்கு மட்டும் குறைவில்லை. பூப்பந்துத் திடல், ரப்பர்ப் பால் ஸ்டோர் முகப்பு, கோயில் மண்டபத்து வாசல். சமதளத்தில் சக்கரத்தையும் ஃபிரேமையும் காலால் கையாளும் இந்த வகை ஓட்டம், சைக்கிளில் விடும் தேய்மானமே தனி. அதைப் படிக்கத் தெரியாமல் ஸ்பேனரைத் தொடக் கூடாது.

முதலில் பெக். மேற்பக்கச் சொரசொரப்பு வழுக்கிப்போயிருந்தால் அவர் அதில் ஏறி நின்றவர். அடிப்பக்க வெளி விளிம்பு தட்டையாகத் தேய்ந்திருந்தால் திண்ணை ஓரத்தில் உரசிக்கொண்டு போனவர். நான்கு பெக்கில் எது அதிகம் தேய்ந்திருக்கிறது என்பதிலிருந்து எந்தக் காலை ஊன்றுவார் என்று சொல்லிவிடலாம். அடுத்தது முன் டயர். தார் ரோட்டில் ஓடிய டயரில் கட்டைகள் கரகரவென்று தேயும். செருப்பு, சப்பாத்து அடியால் டயரை அழுத்தித் தள்ளி ஓட்டியவருடைய டயரில் நடுப்பகுதி மொழுமொழுவென்று இருக்கும். ஃபோர்க்கின் தலைப்பகுதியிலும் சப்பாத்து உரசிய தடம் தெரியும். மேல் குழாயின் நடுவில் பெயிண்ட் போயிருந்தால் அங்கே பாதம் வைத்திருக்கிறார். சீட்டின் மூக்கு ஒரு பக்கம் மட்டும் கிழிந்திருந்தால் அந்தக் கையால் சீட்டைப் பிடித்துச் சுற்றியிருக்கிறார். இரண்டு பிரேக் லீவரில் எது அதிகம் மினுங்குகிறதோ அதுதான் அவருக்கு வாகான விரல் இருந்த இடம்.

இவற்றையெல்லாம் படமெடுத்து, அளந்து எழுதி வைத்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஹேண்டில் கோணம், சீட் உயரம், லீவர் பிடியிலிருந்து எத்தனை விரல் தள்ளி இருக்கிறது, பெக் நட்டுக்கு அடியில் எத்தனை வாஷர். பிரித்த பிறகு இந்த எண்கள் எதுவும் திரும்பக் கிடைக்காது. ஃபிரேம் எண் பெடல் அச்சு ஓட்டின் அடியிலோ பின் சக்கரம் உட்காரும் தகட்டிலோ குத்தப்பட்டிருக்கும். துரு மூடியிருந்தால் பித்தளைத் தூரிகையால் மெல்லத் தேய்த்தால் போதும்.

பிரிக்கும்போது

நம் ஊரில் சைக்கிளைக் கெடுப்பது மழை மட்டும் இல்லை. பின்கட்டுக் கொட்டகையில் உர மூட்டைக்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருப்பார்கள். செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் என்பது பொட்டாசியம் குளோரைடு. உப்புக் காற்றைப் போலவே அதுவும் குரோமுக்கு அடியில் புகுந்து தின்னும். அதனால் எண்ணெய் போடுவதற்கு முன் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, உப்பை வெளியேற்றிவிட்டுக் காய வைக்க வேண்டும். எண்ணெயை முதலில் போட்டால் உப்பை உள்ளே வைத்து மூடியதாகிவிடும்.

ஹேண்டிலை ஃபோர்க்கோடு பிடித்துவைக்கும் தண்டான ஸ்டெம் இறுகிப்போயிருந்தால் அதை முறுக்கி எடுக்கப் பார்ப்பவர்கள்தான் அதிகம். மேல் போல்ட்டை நான்கைந்து சுற்று தளர்த்தி, அதன் தலையில் மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. அடியில் இருக்கும் ஆப்பு விடுபட்டால் ஸ்டெம் தானாகத் திரும்பும். பெடல்கள் மாட்டும் தண்டான கிராங்க் ஒரே துண்டாக இருந்தால், முதலில் செயினையும் இடப்பக்கப் பெடலையும் கழற்ற வேண்டும். அந்தப் பெடலும், இடப்பக்க அச்சு நட்டும், பந்துகளை அழுத்திப் பிடிக்கும் கோனும் ரிவர்ஸ் மரை. கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். பிறகு கிராங்க் முழுதும் பல்சக்கரப் பக்கமாக வளைந்து வெளியே வரும். உள்ளே பக்கத்துக்கு ஒன்றாகக் கூடுகட்டிய பேரிங் பந்துகள், ஒவ்வொன்றிலும் 5/16 அங்குலப் பந்து 9. சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பில், முன்னதில் பக்கத்துக்கு 3/16 அங்குலம் 10, பின்னதில் 1/4 அங்குலம் 9 என்பது வழக்கமான கணக்கு. குழியில் புள்ளி விழுந்த கோனில் புதுப் பந்து போட்டுப் பயனில்லை, கோனையும் மாற்ற வேண்டும்.

சாமான் வாங்கும்போது ஏமாறும் இடம் ஸ்டெம். சாதாரணச் சைக்கிளின் ஒரு அங்குல ஃபோர்க்குக்கு 22.2 மி.மீ. ஸ்டெம் போகும். அந்தக் காலத்து பி.எம்.எக்ஸ் ஃபோர்க்கின் குழாய்ச் சுவர் தடிமன், அதனால் உள்ளே போவது 21.1 மி.மீ. மட்டும்தான். பட்டணத்துச் சீனர் சைக்கிள் கடையில் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் 22.2ஆகத்தான் இருக்கும். "கொஞ்சம் ராவிக்கலாம்" என்று அரத்தால் தேய்த்து இறக்கினால் ஆப்பு பிடிக்கும் இடம் மெலிந்து, ஒரு நாள் ஹேண்டில் கையோடு வந்துவிடும். ஃபோர்க் திரும்ப உதவும் பேரிங்கான ஹெட்செட்டின் கிண்ணமும் அப்படியே, பி.எம்.எக்ஸ் அளவு 32.7 மி.மீ., மற்ற வண்டிக்கு 30 சொச்சம். ஒரே துண்டுக் கிராங்குக்குப் பெடல் மரை 1/2 அங்குலம், மூன்று துண்டுக் கிராங்குக்கு 9/16. டயர் 406 மி.மீ. விளிம்பு அளவு. அதே 20 அங்குலம் என்று எழுதியிருந்தாலும் 451 அளவு ஏறவே ஏறாது.

துருவுக்கு ரப்பர்ப் பால் உறைய வைக்கும் சூக்கா கெத்தாவில் ஊறப்போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஃபார்மிக் அமிலம் துருவோடு நிற்காது. துத்தநாக முலாம் போட்ட போல்ட்டைத் தின்னும், அலுமினியத்தைக் கறுக்க வைக்கும், கெட்டிப்படுத்திய அச்சையும் ஸ்பிரிங்கையும் நொறுங்கும் தன்மைக்குக் கொண்டு போகலாம். ரொட்டி, கேக் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும் சிட்ரிக் அமிலம் லிட்டர் வெந்நீருக்கு 50 முதல் 80 கிராம், சில மணி நேரம், நடுநடுவே எடுத்துப் பார்த்துக்கொண்டு. எடுத்ததும் சோடா உப்புத் தண்ணீரில் அலசி, உடனே துடைத்து எண்ணெய். நம் ஈரக் காற்றில் அரை மணி நேரம் சும்மா விட்டாலே மஞ்சள் துரு திரும்பிவிடும். குரோமுக்கு அமிலமே வேண்டாம். அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்து மெல்லத் தேய்த்தால் பழுப்புப் புள்ளிகள் போய்விடும். குழி மட்டும் நிற்கும். நிற்கட்டும்.

பிரேக் கட்டை இல்லாத ஹப்

இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே பின் ஹப் விவகாரம்தான். பெடலைப் பின்னால் அழுத்தினால் பிரேக் பிடிக்கும் கோஸ்டர் ஹப் போட்ட பழைய ஃப்ரீஸ்டைல் வண்டிகள் சிலவற்றைத் திறந்தால் உள்ளே பிரேக் கட்டைகளே இருக்காது. பட்டறையில் வேலை பழகும் பையன் எட்டிப் பார்த்து, "பிரேக் கட்டை காணோம்ணே, செட்டு வாங்கிப் போட்டுறவா?" என்பான். அவன் கேட்பது நியாயமான கேள்வி. போட்டுவிட்டால் ஹப் முழுமையாகிவிடும், வண்டி கம்பெனியிலிருந்து வந்தபடி ஆகிவிடும். ஆனால் அந்த நிமிடத்தோடு ஓட்டியவரின் மிகப் பெரிய வேலை குப்பைக்குப் போய்விடும்.

ஏன் என்று பார்க்க, ஹப் வேலை செய்யும் விதம் தெரிய வேண்டும். பின் பல்சக்கரத்தோடு சுற்றும் டிரைவரின் உள்முனையில் அகலமான திருகு மரை வெட்டியிருக்கும். முன்னால் மிதித்தால் கிளட்ச் கோன் அந்த மரையில் ஏறி வலப்பக்கம் இழுபட்டு, ஹப் ஓட்டைக் கவ்வும், சக்கரம் ஓடும். பின்னால் மிதித்தால் அதே கோன் இடப்பக்கம் தள்ளப்பட்டு, பிரேக் கட்டைகளை விரித்து ஓட்டின் உட்சுவரில் அழுத்தும். கோன் டிரைவரோடு சேர்ந்து சும்மா சுற்றிவிடாமல் அதைத் தடவிப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு சின்ன ஸ்பிரிங். இப்போது கட்டைகளை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? பின்னால் லேசாக மிதித்ததும் கோன் இடப்பக்கம் ஒதுங்கிவிடும், அழுத்த எதுவும் இல்லை, ஹப் ஓடு இரண்டு திசையிலும் தடையின்றிச் சுற்றும். வண்டி பின்னோக்கி உருளும்போது பெடல் காலடியில் அசையாமல் நிற்கும். சாதாரண ஃப்ரீவீலில் பின்னால் உருண்டால் பெடலும் பின்னால் சுற்றும், கால் அதைத் துரத்த வேண்டும். இன்றைக்கு ஃப்ரீகோஸ்டர் என்று தனி ஹப்பாகவே விற்கிறார்கள். அது கைக்கு எட்டாத காலத்தில் ஃபிளாட்லேண்ட் ஓட்டிகள் கோஸ்டர் ஹப்பைப் பிரித்து இதைத் தாங்களே செய்துகொண்டார்கள். தோட்டத்துப் பையன் ஒருவர் மண்ணெண்ணெய் விளக்கோ மின்விளக்கோ வைத்துக்கொண்டு அதைக் கண்டுபிடித்தாரோ, யாரிடமாவது கேட்டுச் செய்தாரோ, அந்த ஹப் அவருடைய கையெழுத்து.

தொலைந்ததா எடுத்ததா என்று எப்படிக் கண்டுகொள்வது? கட்டை இருந்த இடத்தில் வாஷரோ அறுத்த குழாய்த் துண்டோ இடைவெளி நிரப்ப வைத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். ஸ்பிரிங்கைக் கையால் நெருக்கி இறுக்கியிருந்தால், அதுவும் வேண்டுமென்றே செய்தது. ஓட்டின் உட்சுவரில் கட்டை தேய்த்த பழைய வளையம் கிரீஸால் மங்கிப்போயிருந்தால், எடுத்த பிறகும் நெடுநாள் ஓட்டியிருக்கிறார் என்று அர்த்தம். அந்தத் துண்டின் நீளத்தை அளந்து எழுதி வையுங்கள். கோன் கவ்வுவதற்கு முன் கிராங்க் எவ்வளவு தூரம் வெறுமனே சுற்றும் என்பதைத் தீர்மானிப்பது உள்ளே விட்ட இடைவெளிதான். அது அவர் காலுக்கு ஏற்றபடி அவரே வைத்த கணக்கு.

சுத்தம் செய்வது எளிது. மண்ணெண்ணெயில் கழுவி, பந்துகளுக்கு மட்டும் கிரீஸ் வைத்து, கிளட்சுக்கும் டிரைவர் மரைக்கும் கொஞ்சம் எண்ணெய். அங்கே கெட்டி கிரீஸ் அப்பினால் கோன் டிரைவரோடு ஒட்டிக்கொண்டு சேர்ந்தே சுற்றும், கவ்வாது, மிதித்தால் பெடல் வழுக்கும். ஸ்பிரிங் தளர்ந்தாலும் இதே கோளாறுதான் வரும். ஸ்பிரிங் ஒடிந்திருந்தால் மட்டும் புதுசு போடுங்கள், பழசைத் தூக்கிப் போடாதீர்கள்.

இந்த ஹப்பைப் புரிந்துகொண்ட பிறகு வண்டியின் மற்றப் "பழுதுகளை"யும் வேறு கண்ணோடு பார்க்கத் தோன்றும். அறுத்துக் குட்டையாக்கிய ஹேண்டில் முனை, ஸ்டெம் போல்ட்டைத் துளைத்து ஃபோர்க் குழாய் வழியாக இறக்கிய முன் பிரேக் கேபிள், ரம்பத்தால் வெட்டிய சீட் குழாய். இதில் எது விபத்து, எது முடிவு என்று ஒவ்வொன்றாக நின்று கேட்க வேண்டியிருக்கிறது. கேபிளை ஃபோர்க் வழியாக இறக்குவது அந்தக் காலத்து ஓட்டிகள் அறிந்த உத்தி. ஹேண்டிலைச் சுற்றினாலும் முன் பிரேக் கேபிள் முறுக்காது. அதை அடைத்துவிட்டுப் புது போல்ட் போடுவது திருத்தம் ஆகாது.

பெயிண்ட்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: உரிக்காதீர்கள். பாத்திரம் கழுவும் சோப்பு, மெல்லிய பாலிஷ், கடைசியில் மெழுகு. உயிரோடு இருக்கும் துருவை மட்டும் நிறுத்தினால் போதும். பழைய ஸ்டிக்கர் ஓரத்தில் தின்னர் படக் கூடாது. அதன் மேல் கிளியர் ஸ்ப்ரே அடித்தால் சுருங்கிப்போகலாம், அடிப்பக்கத்தில் சோதித்துப் பார்க்காமல் அடிக்க வேண்டாம். அவர் வீட்டு கேட்டுக்கு வாங்கிய பெயிண்டைத் தூரிகையால் பூசியிருந்தாரா, அந்தத் தூரிகைக் கோடும் இருக்கட்டும். ஃபிரேமின் உட்பக்கத்துக்குத்தான் உண்மையான கவனிப்புத் தேவை. சீட் குழாய் வழியாக ஆளிவிதை எண்ணெயோ துருத்தடுப்பு ஸ்ப்ரேயோ விட்டு, எல்லாப் பக்கமும் சாய்த்து வடிய விடுங்கள். வேறு வழியே இல்லாமல் துரு தின்றுவிட்ட ஃபிரேம் என்றால் பவுடர் கோட்டிங் போகலாம். 180 முதல் 200 டிகிரிச் சூட்டில் அடுப்பில் வைப்பார்கள் என்பதால் ஸ்டிக்கர் எதுவும் மிஞ்சாது. ஹெட்செட் குழாயையும் பெடல் அச்சு ஓட்டையும் மரைகளையும் மூடச் சொல்லி, ஃபிரேம் எண்ணைக் காட்டிவிட்டு வர வேண்டும். சொல்லாவிட்டால் கிண்ணம் உட்காராது, எண்ணும் தெரியாது.

ஓட்டப்போகிறார்களா?

மண்டபச் சுவரில் மாட்டப்போகிறோம் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஆண்டுத் திதி முடிந்த அன்றைக்கே ஒரு மருமகன் ஏறிவிடுவான். எனவே விரிசல் பார்ப்பதைத் தவிர்க்க முடியாது. ஹெட்செட் குழாய்க்குப் பின்னால் கீழ்க்குழாய் சேரும் இடம், ஃபோர்க் குழாயின் அடி, ஹேண்டிலின் குறுக்குக் கம்பி வெல்டிங், பின் சக்கரத் தகடுகள். பெயிண்டில் முடி போன்ற கோடும், அதன் வழியே துரு கசிந்த தடமும் இருந்தால் சந்தேகப்படுங்கள். சிவப்புச் சாயமும் வெள்ளைப் படிவுமாக வரும் டை பெனட்ரன்ட் ஸ்ப்ரே அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாகத் தெரிந்துவிடும். ஃபிரேம் நேராக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு பின் தகட்டிலிருந்து ஹெட்செட் குழாயைச் சுற்றி மறு தகடு வரை நூல் கட்டி, நூலுக்கும் சீட் குழாய்க்கும் உள்ள தூரத்தை இரு பக்கமும் அளக்கலாம்; 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஃபிரேமோ தகடோ வளைந்திருக்கிறது. பழைய அலுமினிய ஸ்டெம்மையும் வளைந்த ஹேண்டிலையும் யாரும் ஓட்டத் தரக் கூடாது. ஓட்டுவதற்குப் புதுசு பூட்டி, பழசை ஒரு பெட்டியில் பெயர் எழுதிக் கூடவே கொடுத்துவிடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் தேய்மானத்தின் பக்கம் நிற்க மாட்டேன்.

ஹேண்டிலைச் சுற்றினாலும் கேபிள் முறுக்காமல் காக்கும் சுழல் தட்டான கைரோ பின் பிரேக்குக்கு இருந்தால் பொறுமை வேண்டும். எல்லா அட்ஜஸ்டரையும் முழுசாக உள்ளே திருகிவிட்டு ஆரம்பியுங்கள். முதலில் கீழ்க் கேபிள். பிரேக் ரப்பர் ரிம்மிலிருந்து ஒன்றிரண்டு மி.மீ. தள்ளி நிற்கும்படி இறுக்குங்கள். பிறகு மேல் கேபிள், தொய்வு போகும் வரை மட்டும். கைரோவின் தட்டு சாயாமல் இருக்கும்படி இரு பக்க அட்ஜஸ்டரையும் மாறி மாறித் திருப்பி, ஹேண்டிலை ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். பாதிச் சுற்றில் பிரேக் பிடித்துவிட்டால் தட்டு ஒரு பக்கம் உயர்ந்திருக்கிறது. லீவரில் இரட்டைத் துடிப்புத் தெரிந்தால் இரு கேபிளும் ஒரே நேரத்தில் இழுக்கவில்லை. பழைய கேபிள் உறைக்குள் துரு இருந்தால் எத்தனை திருப்பினாலும் சரிவராது, அதை மாற்றிவிடலாம். கேபிளில் எவருடைய நினைவும் இல்லை.

கடைசியாக, ஹப்பைப் பற்றி வீட்டாரிடம் சொல்லிவிட வேண்டும். அதைப் பார்த்தால் கோஸ்டர் ஹப் மாதிரியே இருக்கும். தெரியாமல் ஏறுபவர் நிறுத்தப் பின்னால் மிதிப்பார், கால் வெறுமனே சுற்றும். கையில் இருக்கும் பிரேக் ஒன்றுதான் பிடிக்கும், அதுவும் குரோம் ரிம் நனைந்திருந்தால் சரியாகப் பிடிக்காது. பிரேக் ரப்பர் இரண்டு ஜோடியும் புதுசு போட்டு, மழை நாளில் வெளியே எடுக்க வேண்டாம் என்று அந்த மருமகனையே கூப்பிட்டு, ஒரு தடவை ஓட்டிக் காட்டச் சொல்லி அனுப்புங்கள்.